எங்கள் மேடைக்கு வந்தவர்கள்

சென்ற இதழில், நான் போகும் யூனிட்டேரியன் சபையின் ஞாயிறு வழிபாட்டில் ஒரு பௌத்த பிக்கு வந்து பேசியதைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்கே.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் மயிலாடுதுறையில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தவள். 1988 முதல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறேன். 2003இல் இந்தச் சபையில் சேர்ந்தேன். ஒன்பது வருடம் ஞாயிறு வழிபாட்டுக் குழுவில் இருந்தேன். வெளியிலிருந்து பேச்சாளர்களை அழைப்பது, அவர்களை வரவேற்பது, வழியனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. இனி உங்கள் கடிதங்களும் என் பதில்களும்.

என் மகள் பாஸ்டன் பக்கம் இருக்கிறாள். மருமகனோடு ஞாயிறுதோறும் ஒரு யூனிட்டேரியன் சர்ச்சுக்குப் போகிறாளாம். “அங்கே யூத குருவும் பேசுவார், புத்த பிக்குவும் பேசுவார்” என்கிறாள். அது என்ன சர்ச்? என் மகள் மதம் மாறிவிட்டாளா? பயமாக இருக்கிறது, அக்கா.
*— ஒரு தாய், திருநெல்வேலி*

பயப்படாதீர்கள் அம்மா. உங்கள் மகளிடம் யாரும் ஞானஸ்நானம் கேட்டிருக்க மாட்டார்கள். எந்த விசுவாச அறிக்கையையும் சொல்லச் சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கத்தினராகச் சேர விரும்பினால் ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். நான் கையெழுத்துப் போட்ட அன்று காலையிலும் வீட்டில் விளக்கேற்றித் திருநீறு பூசிக்கொண்டுதான் போனேன்.

இது கிறிஸ்தவத்துக்குள் பிறந்த சபை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்தை ஏற்காமல், கடவுள் ஒருவரே, இயேசு மனிதர் என்று சொன்னவர்கள் தொடங்கியது. திரித்துவத்தை மறுத்ததற்கு ஐரோப்பாவில் உயிரை விலையாகக் கொடுத்தார்கள். மைக்கேல் செர்வீட்டஸ் என்ற ஸ்பானிய மருத்துவரை 1553 அக்டோபர் 27ஆம் தேதி ஜெனீவாவில் உயிரோடு எரித்தார்கள். பதினைந்தே வருடம் கழித்து, இன்று ருமேனியாவில் இருக்கும் டிரான்சில்வேனியாவில், 1568இல் டோர்டா என்ற ஊரில் கூடிய நாட்டு மன்றம் ஒரு ஆணையை இயற்றியது. போதகர் தான் புரிந்துகொண்டபடி போதிக்கலாம், அதற்காக யாரும் அவரைத் துன்புறுத்தக் கூடாது என்றது அது. அப்போது அங்கே அரசராக இருந்த யானோஷ் ஜிக்மோந்த் யூனிட்டேரியன் கொள்கையை ஏற்றவர். ஆனால் அந்த ஆணையின் நிழல் எல்லோர் மேலும் சமமாக விழவில்லை. யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கீழைத் திருச்சபையாருக்கும் அதே உரிமை கிடைக்கவில்லை. அந்த ஆணைக்காகப் பாடுபட்ட ஃபெரென்ஸ் டேவிட் என்ற போதகரே, அடுத்த ஆட்சியில் சிறையில் அடைக்கப்பட்டு 1579இல் அங்கேயே இறந்தார்.

அமெரிக்காவில் 1961இல் யூனிட்டேரியன்களும் யுனிவர்சலிஸ்டுகளும் ஒரே சங்கமாக இணைந்தார்கள். யுனிவர்சலிஸ்டுகள், கடவுள் யாரையும் நிரந்தர நரகத்தில் தள்ள மாட்டார், எல்லோரும் கரையேறுவார்கள் என்று நம்பியவர்கள். இப்போது சுமார் ஆயிரம் சபைகள் இருக்கின்றன. எங்கள் சபையில் என் வரிசையிலேயே ஒரு யூதப் பெண்மணி, தியானம் பழகும் ஒரு தச்சர், கடவுள் இல்லை என்று சொல்லும் ஒரு கணித ஆசிரியர், நான். நாங்கள் நால்வரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவோம்.

இன்னொரு செய்தி உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். இது நமக்கு அந்நியமான சபையும் இல்லை. திருவேங்கடம் என்ற பெயரில் பிறந்த ஒரு தமிழர், வில்லியம் ராபர்ட்ஸ் என்று பெயர் பெற்று, 1795இல் சென்னையில் ஒரு யூனிட்டேரியன் சபையைத் தொடங்கினார். புரசைவாக்கத்தில் 1813இல் அதற்கு ஆலயம் எழுந்தது. பாஸ்டனில் அமெரிக்க யூனிட்டேரியன் சங்கம் அமைந்ததே 1825இல்தான். இதை எங்கள் சபையில் நான் சொன்னபோது, நூறு வருடப் பழைய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். எனக்கும் அன்றுதான் அந்தக் கட்டடம் கொஞ்சம் சொந்த வீடு போல ஆனது.

பிற மதத்தாரைத் தங்கள் மேடையில் ஏற்றும் வழக்கம் அவர்களுக்கு எப்போது வந்தது? இப்போதைய மோஸ்தரா, பழைய வழக்கமா?
*— ஓய்வு பெற்ற ஆசிரியர், கோயம்புத்தூர்*

பழைய வழக்கம் ஐயா. அதில் இந்தியர்களின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரியது.

ராஜா ராம்மோகன் ராயைக் கிறிஸ்தவராக மாற்ற முயன்ற வில்லியம் ஆடம் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி, அவரோடு பேசிப் பேசித் தானே யூனிட்டேரியன் ஆகிவிட்டார். 1821இல் கல்கத்தாவில் ஒரு யூனிட்டேரியன் குழுவே அமைந்தது. ராம்மோகன் 1831இல் இங்கிலாந்து போனபோது லண்டன் யூனிட்டேரியன்கள் அவரை வரவேற்றுக் கூட்டம் நடத்தினார்கள். பிரிஸ்டலில் அவர்களுடைய ஆலயத்துக்குப் போய் வந்தார். அந்த ஊரிலேயே 1833 செப்டம்பர் 27ஆம் தேதி காலமானார். 1870இல் பிரம்ம சமாஜத்தின் கேசவ் சந்திர சென் இங்கிலாந்து போனார். லண்டனில் ஜேம்ஸ் மார்ட்டினோ என்ற யூனிட்டேரியன் அறிஞர் தன்னுடைய பிரசங்க மேடையை அவருக்குக் கொடுத்தார்.

1893 சிகாகோ சர்வமத மகாசபை நம் எல்லோருக்கும் தெரியும். அதன் செயலாளராக ஓடியாடி உழைத்த ஜென்கின் லாய்ட் ஜோன்ஸ் ஒரு யூனிட்டேரியன் போதகர் என்பது அவ்வளவாகத் தெரியாது. மறு வருடமே டெட்ராய்ட் யூனிட்டேரியன் ஆலயத்தில் விவேகானந்தர் பேசினார். 1900இல் கலிபோர்னியாவின் ஓக்லாண்டிலும் யூனிட்டேரியன் ஆலயத்தில் பேசினார். பரமஹம்ச யோகானந்தர் 1920இல் பாஸ்டனுக்கு வந்து இறங்கியதும் அமெரிக்க யூனிட்டேரியன் சங்கத்தின் ஆதரவில் நடந்த ஒரு சமய மாநாட்டில் பேசத்தான்.

என் மனத்துக்கு நெருக்கமானது இது: திருத்தணிப் பிள்ளையான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1926இல் ஆக்ஸ்ஃபோர்டில் இந்து வாழ்க்கை நோக்கு பற்றி ஆற்றிய உரைகள் பின்னால் புகழ்பெற்ற நூலாயின. அவர் பேசியது மான்செஸ்டர் கல்லூரியில். யூனிட்டேரியன் போதகர்களைப் பயிற்றுவித்து வந்த கல்லூரி அது. தாகூர் 1930இல் மனிதனின் மதம் பற்றிப் பேசியதும் அதே கல்லூரியில்தான். பாப்டிஸ்டான மார்ட்டின் லூதர் கிங் 1966இல் ஃபுளோரிடாவில் யூனிட்டேரியன் யுனிவர்சலிஸ்டுகளின் பொதுப் பேரவையில் பேசினார். சிகாகோவில் எல்லா மதத்து இளைஞர்களையும் ஒன்றுசேர்த்து வேலை செய்யும் ஈபூ பட்டேல் என்ற முஸ்லிம் எழுத்தாளர் அதே பேரவையில் 2013இல் பேசினார்.

பட்டியல் நீளும். ஆனால் பெரிய பெயர்களைவிட, எங்கள் சபை போன்ற நூற்றிருபது பேர் கூடும் சின்ன இடங்களில் மைக் முன்னால் வந்து நிற்கும் பல் மருத்துவரும் பள்ளி ஆசிரியையும்தான் எனக்கு முக்கியம். அடுத்த கேள்வி அங்கேதான் போகிறது.

என்னை இங்கே ஒரு யூனிட்டேரியன் சபையில் இந்து மதம் பற்றி 20 நிமிடம் பேச அழைத்திருக்கிறார்கள். நான் பண்டிதன் இல்லை, மென்பொருள் வேலை. எதைப் பேசுவது? எல்லா மதமும் ஒன்றே என்று பேசினால் அவர்களுக்குப் பிடிக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
*— வாசகர், நியூ ஜெர்சி*

தம்பி, நண்பர்கள் சொல்வது உண்மை. அப்படிப் பேசினால் பிடிக்கும். கை குலுக்குவார்கள், அருமை என்பார்கள், அடுத்த ஞாயிறு மறந்துவிடுவார்கள். தயவுசெய்து அதைப் பேசாதீர்கள். நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் பகுதியில் ஒரு பெரியவர் இருக்கிறார். பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சைவ சித்தாந்தத்தை முறையாகப் பாடம் கேட்டவர், தேவாரம் பண்ணோடு பாடுவார். அவரை நான்தான் அழைத்தேன். அழைத்த கையோடு ஒரு மின்னஞ்சலும் அனுப்பினேன்: “கோயில் சடங்குகள் வேண்டாம் ஐயா, இவர்களுக்குப் புரியாது. சிவன் பெயரையும் குறைத்துக்கொள்ளலாம். பொதுவாக, சகிப்புத்தன்மை, எல்லா நதியும் ஒரே கடலில் கலக்கிறது என்பது போல...” நம் மதம் இங்கே உள்ளவர்களின் கண்ணுக்கு விசித்திரமாகத் தெரிந்துவிடக் கூடாது என்ற என் கூச்சம்தான் அதை எழுதியது. இன்று அந்த மின்னஞ்சலை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அவர் நான் கேட்டபடியே பேசினார். கோட்டு போட்டு, நெற்றியில் ஒன்றும் இல்லாமல் வந்தார். எல்லோரும் பாராட்டினார்கள். திரும்பிப் போகும்போது காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீ கேட்டதைப் பேசிட்டேன்மா. ஆனா நான் இன்னிக்கு அங்க வரவே இல்லையே.”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவர் வீட்டுக்குப் போய், “இந்தத் தடவை நீங்க வாங்க ஐயா” என்று கூப்பிட்டேன். வந்தார். வேட்டி, மேல் துண்டு, நெற்றி நிறையத் திருநீறு. அப்பர் சுண்ணாம்புக் காளவாயில் பாடியதாகச் சொல்லும் பதிகத்தைத் தமிழிலேயே பாடினார். அர்த்தம் முன்கூட்டிச் சொல்லவில்லை. பாடி முடித்து, ஒரு நிமிடம் நிறுத்தி, பிறகு கதையைச் சொன்னார். சமண சமயத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய ஒரு மனிதரை, பல்லவ அரசன் நீற்றறையில் ஏழு நாள் பூட்டி வைத்தான். கதவைத் திறந்தபோது அவர் உயிரோடு இருந்தார், நிலாவையும் தென்றலையும் குளத்தையும் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார். நம்பிக்கையை மாற்றிக்கொண்டதற்காக நெருப்பில் இடப்பட்ட ஒருவரின் கதை அது. செர்வீட்டஸின் பெயரைச் சொல்லி வளரும் சபை அது. அங்கே அன்று இருமல் சத்தம்கூட இல்லை. அவர் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல மாட்டேன்.

வழிபாடு முடிந்து காபி நேரத்தில், கடைசி வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து வந்தார். தமிழ்ப் பாட்டு என்று கேள்விப்பட்டு முதல் தடவையாக அன்று வந்திருந்தவர். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர். பெரியவர் முன்னால் நின்று, குரலை உயர்த்தாமல், “ஐயா, உங்க கதையில நெருப்பு வச்சவங்க எங்க ஆளுங்க. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல இந்தக் கதையைச் சொல்லும்போது நான் தலையைக் குனிஞ்சுகிட்டு உக்காந்திருப்பேன். மதுரையில எண்ணாயிரம் பேரைக் கழுவுல ஏத்தினதா உங்க புராணமே சொல்லுதே, அதை நீங்க இங்க பாடலையே” என்றார்.

அந்தக் கழுவேற்றம் வரலாற்றில் நடந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் சைவ நூல்கள் அதைப் பெருமையோடு சொல்கின்றன என்பதில் சந்தேகம் இல்லை. எனக்குக் கை நடுங்கியது. ஓடிப்போய்ச் சமாதானம் பேசி இருவரையும் பிரித்துவிடலாமா என்று பார்த்தேன். பெரியவர் என்னைக் கையமர்த்தினார். “அது எங்க புராணத்துல இருக்கு. அதைச் சொல்லாமத்தான் வந்தேன். நீங்க சொன்னது சரி” என்றார். இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். நாற்காலிகளையெல்லாம் மடித்து வைத்து, கூடத்தைப் பூட்ட வேண்டிய நேரம் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு அந்தச் சமண அன்பரை அழைத்தோம். சமணர்களின் தசலட்சணப் பண்டிகைப் பத்து நாளில் வந்த ஞாயிறு. பத்து அறங்களில் முதலாவதான உத்தம க்ஷமையைப் பற்றி, பொறுத்துக்கொள்வதும் மன்னிப்புக் கேட்பதும் அவர்கள் வீட்டில் எப்படி நடக்கும் என்பதைப் பற்றிப் பேசினார். சைவப் பெரியவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். எல்லா நதியும் ஒரே கடலில் கலக்கிறது என்றே பேசிக்கொண்டிருந்தால் இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஆகவே தம்பி, இந்து மதம் முழுவதையும் 20 நிமிடத்தில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வேத காலத்திலிருந்து தொடங்கினால் உபநிடதம் வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். உங்கள் வீட்டில் எந்தச் சாமி, ஏன் அந்தச் சாமி, உங்கள் அம்மா எந்தப் பாட்டைப் பாடுவார்கள், எந்த விரதத்தை நீங்கள் விட்டுவிட்டீர்கள், எதை விட முடியவில்லை என்பதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். “நாங்கள் இந்துக்கள்” என்று தொடங்காமல் “எங்கள் வீட்டில்” என்று தொடங்குங்கள். சாதியைப் பற்றிக் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். மழுப்பாதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததை, உங்கள் குடும்பம் அதில் எங்கே நின்றது என்பதையும் சேர்த்து, நேராகச் சொல்லுங்கள். உருவ வழிபாடு பற்றியும் கேள்வி வரும். அதற்குத் தத்துவ விளக்கம் சொல்வதைவிட, அபிஷேகம் முடிந்து திரை விலகும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று சொன்னால் போதும்.

வழிபாட்டின் ஒழுங்கும் தெரிந்திருக்கட்டும். மணி அடிக்கும். கிண்ணம் போன்ற ஒரு விளக்கை ஏற்றுவார்கள். சுடர் எரியும் அந்தக் கிண்ணம்தான் அவர்களுடைய சின்னம். 1941இல், போரில் அகதிகளைக் காப்பாற்றிய யூனிட்டேரியன் தொண்டுக் குழுவுக்காக ஹான்ஸ் டாய்ச் என்ற ஓவியர் வரைந்து கொடுத்தது. அவரே நாஜிகளுக்குத் தப்பி வந்தவர். பிறகு பாட்டு, குழந்தைகளுக்கு ஒரு கதை, அதன்பின் அவரவர் வீட்டுச் சந்தோஷத்தையும் துக்கத்தையும் சபையில் சொல்லும் நேரம். அதில் யாராவது அழக்கூடும். அதற்கு அடுத்துதான் உங்கள் பேச்சு வரும். ஒரு மரணச் செய்தி கேட்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் முன் நகைச்சுவைத் துணுக்கோடு தொடங்கி ஒரு பேச்சாளர் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பேசுவதற்குப் பணம் தருவார்களா? வாங்கலாமா?
*— அதே வாசகர்*

தருவார்கள், வாங்கலாம். எங்கள் சபையில் 200 டாலர் ஒரு உறையில் வைத்துக் கொடுப்போம். வேண்டாம் என்றால் அவர் சொல்லும் அறப்பணிக்குப் போகும். பிக்குகள் பணத்தைக் கையால் தொடுவதில்லை, விகாரையின் பெயருக்குக் காசோலை அனுப்புவோம்.

நான் முஸ்லிம். என்னையும் இப்படி ஒரு சபையில் பேச அழைத்தார்கள். தொழுகையைப் பற்றி ஆசையாகத் தயாரித்துப் போனேன். கேள்வி நேரம் முழுவதும் செய்தியில் வரும் குண்டுவெடிப்புகளைப் பற்றியே கேட்டார்கள். மறுபடி அழைக்கிறார்கள். போகவா, அம்மா?
*— வாசகி, டெட்ராய்ட்*

மகளே, முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அது வேறு சபையாக இருந்தாலும், எங்கள் சபையிலும் இதே தவறு நடந்திருக்கிறது. உலகத்தில் கிட்டத்தட்ட 200 கோடி முஸ்லிம்கள் இருக்கிறார்கள். அத்தனை பேருக்காகவும் ஒரு பெண் மைக் முன் நின்று பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது விருந்துக்கு அழைத்துவிட்டு விசாரணை வைப்பது. கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் பார்த்த முஸ்லிம்கள் தொலைக்காட்சியில் மட்டும்தான். ஆனால் நல்லவர்கள் கேட்டாலும் வலிக்கும்.

நாங்கள் என்ன மாற்றினோம் என்று சொல்கிறேன். மறுபடி அழைப்பவர்களிடம் இதை நீங்கள் நிபந்தனையாகவே வைக்கலாம். கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்குவோம். குழுவில் ஒருவர் அதைப் படித்து, பேச்சோடு தொடர்புள்ளதை மட்டும் எடுத்துக் கேட்பார். எந்தக் கேள்விக்கும் “இதற்கு நான் பதில் சொல்ல விரும்பவில்லை” என்று சொல்லும் உரிமை விருந்தினருக்கு உண்டு என்று தொடங்கும்போதே சபைக்கு அறிவிப்போம். அப்படி மாற்றிய பிறகு வந்த முதல் விருந்தினர் ஒரு குழந்தை மருத்துவர். சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகைக்காக அவருடைய உம்மா (அம்மா) இருட்டில் எழுந்து, கை கால் முகம் கழுவி ஒளு செய்யும் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூக்கத்தில் புரண்டு படுத்த நாட்களைப் பற்றிப் பேசினார். இப்போது இரவுப் பணி முடிந்து வரும்போது அதே சத்தத்தைத் தன் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றார். அன்று வந்த சீட்டுகளில் ஒன்று, “தூங்கும் பிள்ளைகளை எழுப்புவீர்களா, விட்டுவிடுவீர்களா?” என்று கேட்டது. அவர் சிரித்துக்கொண்டு பத்து நிமிடம் பதில் சொன்னார்.

லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு ஓர் அமைதியான அறை, ஒளு செய்ய இடம், தொழும்போது நோக்க வேண்டிய கிப்லா திசை எது என்ற விவரம் மூன்றையும் முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். விருந்தினர் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. முன்பு சொன்ன பிக்குவுக்கு நாங்கள் செய்ததைக் கேட்டால் உங்களுக்குப் புரியும். தேரவாத பிக்குகள் நண்பகலுக்கு மேல் உண்பதில்லை என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியும். ஆனால் 10:30க்குத் தொடங்கும் வழிபாடு அன்று இழுத்துக்கொண்டே போனது. அவரைச் சுற்றி ஆட்கள் நின்று பேச, உணவு மேசைக்கு நான் அழைத்துப் போனபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. பால் சேர்க்காத தேநீர் மட்டும் போதும் என்றார். அவருக்காகவே மூன்று பேர் விடியற்காலை எழுந்து சமைத்திருந்த சோறும் பருப்பும் அப்படியே இருந்தன. அடுத்த முறை வந்தபோது வழிபாட்டுக்கு முன்பே, 9:30க்கு, தானம் கொடுத்தோம். சபையில் பாதிப் பேர் அதைப் பார்க்கவே சீக்கிரம் வந்தார்கள்.

போங்கள் மகளே. ஆனால் உங்கள் நிபந்தனைகளோடு போங்கள்.

மாதம் ஒரு மதம் என்று சுவைத்துப் பார்ப்பது என்ன பக்தி? ஒன்றில் ஆழ்ந்து நிற்காமல் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பவர்களுக்கு எதுவும் கிடைக்காது.
*— வாசகர், காரைக்குடி*

உங்கள் வருத்தத்தில் பாதி என் வருத்தமும். யாரோ ஒருவருடைய புனிதமான சடங்கை, அவர் இல்லாதபோது, அழகாக இருக்கிறது என்பதற்காக நாங்களே செய்து பார்த்த ஞாயிறுகள் உண்டு. அமெரிக்கப் பழங்குடியினரின் புகையிடும் சடங்கை அப்படி ஒருமுறை செய்யத் திட்டமிட்டார்கள். நான் குழுவில் எழுந்து எதிர்த்தேன், நின்றது. கேட்கலாம், கற்கலாம், கூட உட்காரலாம். எடுத்துக்கொண்டு வரக் கூடாது.

மறு பாதியில் உங்களோடு நான் சேரவில்லை ஐயா. ஒன்பது வருடம் மற்றவர்கள் பேசக் கேட்டபின் எனக்குச் சிவன்மேல் பற்று குறையவில்லை, கூடியது. மௌனமாக அமர்ந்து வழிபடும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர் ஒருவர் வந்து ஐந்து நிமிடம் பேசி, மீதிப் பதினைந்து நிமிடம் எங்களைப் பேசாமல் உட்கார வைத்தார். அன்று மாலை வீட்டில் விளக்கின் முன் உட்கார்ந்தபோதுதான், இத்தனை வருடம் நான் சுலோகத்தை எவ்வளவு வேகமாகச் சொல்லி முடித்துவிட்டு எழுந்திருக்கிறேன் என்று தெரிந்தது. இப்போது மாதம் ஒரு மதம் என்று நாங்கள் அழைப்பதும் இல்லை. ஒரே விருந்தினரை ஒரு வருடத்தில் மூன்று முறை அழைக்கிறோம். அதற்கு முன் நாங்கள் பத்துப் பேராவது அவருடைய கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்று விதியும் வைத்திருக்கிறோம்.

என் கணவர் சி.எஸ்.ஐ. ஆயர். மகனைப் பார்க்க அமெரிக்கா போகிறோம். அங்கே ஒரு யூனிட்டேரியன் சபை அவரைப் பேசக் கேட்டிருக்கிறது. திரித்துவத்தை மறுக்கும் இடத்தில் போய் அவர் எதைப் பேசுவார்? போகத்தான் வேண்டுமா?
*— வாசகி, நாகர்கோவில்*

உங்கள் கேள்விதான் இந்த மாதம் வந்ததில் கடினமானது அம்மா. எங்கள் மேடைக்குப் பிக்கு வந்தால் மகிழ்கிறார்கள், சீக்கியர் வந்தால் மகிழ்கிறார்கள். சிலுவையைப் பற்றிப் பேச ஒரு கிறிஸ்தவப் போதகர் வந்தால் மட்டும் பலருக்குத் தோள் இறுகிவிடுகிறது. சபையில் பாதிப் பேர் கண்டிப்பான கிறிஸ்தவ வீடுகளிலிருந்து வந்தவர்கள். நரகம் என்று சொல்லிச் சிறு வயதில் பயமுறுத்தப்பட்டவர்கள், விவாகரத்துக்காக ஒதுக்கப்பட்டவர்கள். அந்தக் காயம் எனக்கு இல்லை, ஆகவே அதை அளக்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும், தூரத்து விருந்தாளிக்கு விரிக்கும் பாயைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விரிக்காமல் இருப்பது எங்கள் குறை என்று குழுவில் பலமுறை சொன்னேன்.

கடைசியில் ஒரு வருடம், உயிர்த்தெழுதல் பண்டிகைக்குப் பிந்திய ஞாயிறு, எதிர்த் தெருவிலுள்ள லூத்தரன் ஆலயத்தின் பெண் போதகரை அழைத்தோம். அந்தத் தெருவில் இரண்டு ஆலயமும் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கின்றன. அவர் என்னிடம் தொலைபேசியில், “திரித்துவத்தைத் தவிர்த்துவிடட்டுமா?” என்று கேட்டார். சைவப் பெரியவர் காரில் சொன்னது நினைவுக்கு வந்தது. “வேண்டாம், நீங்களே வாருங்கள்” என்றேன்.

அவர் வந்து, சிலுவையில் தொங்கிய கடவுளைத் தான் ஏன் நம்புகிறேன் என்று பேசினார். தன் குழந்தை இறந்த இரவில், மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் கடவுளால் தனக்குப் பயன் இருக்கவில்லை என்றார். மூன்று பேர் பாதியில் எழுந்து வெளியே போனார்கள். நான் அவர்களைத் தடுக்கவில்லை, பேச்சாளரையும் நிறுத்தவில்லை.

செர்வீட்டஸ் தீயில் எரியும்போது, “நித்திய தேவனின் குமாரனே, எனக்கு இரங்கும்” என்று கதறினார் என்பார்கள். “தேவனின் நித்திய குமாரனே” என்று ஒரு சொல்லை இடம் மாற்றிச் சொல்லியிருந்தால் உயிர் பிழைத்திருக்கலாம் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்களாம். அந்த ஒரு சொல்லுக்காகப் பிரிந்த இரண்டு சபைகள், ஒரே தெருவில் எதிரெதிரே.

வழிபாடு முடிந்ததும், எண்பது வயது தாண்டிய எங்கள் அங்கத்தினர் ஒருவர், ஐம்பது வருடமாக யூனிட்டேரியனாக இருப்பவர், கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்தப் போதகரிடம் போனார். தூங்கப் போகுமுன் தன் பாட்டி தலையில் கைவைத்துச் சொல்லும் ஆசீர்வாதத்தை ஒரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டார். அவர் கையை வைத்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்று சொன்னார். எங்கள் கூடத்தில், எங்கள் விளக்குக்குப் பக்கத்தில். நான் தட்டில் இருந்த காணிக்கையை எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணிக்கை தவறிவிட்டது.

உங்கள் கணவர் போகட்டும் அம்மா. சபை நடக்கும் ஊருக்கு ஒரு வாரம் முன்பே போய்ச் சேர்ந்தால், முந்திய ஞாயிறு ஒரு தடவை சும்மா போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வரச் சொல்லுங்கள். தமிழ்ப் பாமாலைப் புத்தகத்தையும் பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும். நிச்சயம் ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள்.